மூச்சுக்குக் காவல்

கிருஷ்ணகிரி ஜில்லாவின் வட எல்லையில் உள்ள வேப்பனப்பள்ளிப் பிரதேசம், தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடம். அங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூருக்கும் பிழைப்பைத் தேடிப் போகிறவர்களும் திரும்பி வருகிறவர்களும் இவ்வெல்லைகளைக் கோடுகளாகக்கூட நினைப்பதில்லை. 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் கொரோனா தொற்றின் பொருட்டு இந்த எல்லைகள் அடைக்கப்பட்டன. மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ஜில்லாக்களுள் பச்சை மண்டலமாக எண்ணப்பட்டது கிருஷ்ணகிரி ஒன்றே. அந்தப் பெருமை சில தினங்களே நின்றது. வியாதி அங்கும் புகுந்தது. தடுப்புக் கட்டைகளை வைத்து மனிதனை நிறுத்தலாம். அவன் விடும் மூச்சை நிறுத்த முடியாது.

மூச்சின் வழியே வரும் வியாதியை மூச்சு நுழையும் வாயிலில்தான் தடுக்க வேண்டும். அதற்குரிய கருவி சுவாசக் கவசம். அது நமது வைத்தியசாலைகளிலும், எல்லைச் சாவடிகளிலும், கிராம சுகாதாரச் செவிலியரின் கையிலும், வேண்டிய நாளில் வேண்டிய அளவு இருக்குமா? இதுவே நாம் இன்று எழுப்பும் கேள்வி. கொரோனாவின் கொடுமை தணிந்துவிட்டது. இப்பொழுது இதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். தணிந்திருக்கிற காலமே இதைப் பேசுவதற்கு ஏற்ற காலம். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டிய அனுபவம் நமக்கு ஒரு முறை போதும்.

2020-இல் நடந்தவற்றைச் சற்று நினைவுகூர்வோம். ஜனவரி 31-ஆம் தேதி மத்திய சர்க்கார் பாதுகாப்பு உடைகளையும் முகமூடிகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாதென்று தடை விதித்தது. எட்டே நாட்களில், பிப்ரவரி 8-ஆம் தேதி, சாதாரண அறுவைச் சிகிச்சை முகமூடிகளுக்கும் கையுறைகளுக்கும் தடை தளர்த்தப்பட்டது. மார்ச்சு 13-ஆம் தேதி முகமூடிகள் அத்தியாவசியப் பண்டங்கள் ஆயின. 19-ஆம் தேதி முகமூடிகளுக்கும் அவற்றுக்கு வேண்டிய துணிக்கும் மறுபடியும் ஏற்றுமதித் தடை வந்தது. 21-ஆம் தேதி, இரண்டு மடிப்பு முகமூடிக்கு 8 ரூபாய், மூன்று மடிப்புக்கு 10 ரூபாய் என்று உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. உத்தரவுகள் எல்லாம் பிறந்தன. உத்தரவுகளால் முகமூடி பிறக்கவில்லை. விலையைக் கட்டலாம், இல்லாத சரக்குக்கு விலை கட்டி என்ன பயன்? வைத்தியர்களும் செவிலியர்களும், ஒரு வேளை அணிந்து எறிய வேண்டிய கவசத்தை நாட்கணக்கில் வைத்து அணிந்ததை அந்நாட்களில் நாடே கண்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்வதே நியாயம். அந்த மார்ச்சு மாதத்திற்கு முன் உரிய தரத்தில் முழு உடற்கவசம் செய்யும் தொழிலே நம் நாட்டில் இல்லை என்று சொல்லலாம். மே மாதத்திற்குள் நாள் ஒன்றுக்குச் சுமார் 3 லக்ஷம் உடற்கவசங்களும் அதே அளவு என்-95 சுவாசக் கவசங்களும் இங்கேயே உற்பத்தியாயின. பெங்களூரின் ஆடைத் தொழிற்கூடங்களும் திருப்பூரின் தையற்கூடங்களும் சட்டை தைப்பதை நிறுத்திக் கவசம் தைத்தன. கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய சிட்ராவின் பரிசோதனைச் சாலை, அத்துணிகள் இரத்தத்தை ஊடுருவ விடாமல் தாங்குமா என்று சோதித்துச் சான்றளித்தது. ஆகவே நமக்குக் குறைவாயிருந்தது திறமையன்று, முன்யோசனைதான். முன்யோசனையின்மைக்கு நாம் கொடுத்த விலையைச் செலுத்தியவர்கள், கவசமின்றி நோயாளியின் படுக்கையருகே நின்றவர்கள்.

இங்கே வாசகர்கள் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். முகத்தை மூடுவதெல்லாம் ஒன்றல்ல. துணி முகமூடி ஒரு வகை. அறுவைச் சிகிச்சை முகமூடி மற்றொரு வகை. அது அணிந்தவரின் எச்சில் துளி பிறர்மேல் தெறிக்காமல் காப்பதற்கென ஏற்பட்டது. ஓரங்களில் காற்று தாராளமாய்ப் புகும். மூன்றாவதே சுவாசக் கவசம். அது முகத்தோடு ஒட்டிப் பொருந்தி, உள்ளே செல்லும் காற்று முழுவதையும் வடிகட்டி அனுப்புகிறது. என்-95 என்ற பெயரில் உள்ள எண், மிக எளிதில் ஊடுருவும் நுண்ணிய துகள்களிலும் நூற்றுக்கு 95 பங்கையேனும் அது தடுக்கவேண்டும் என்பதைக் குறிப்பது. நமது இந்தியத் தர நிர்ணயம் 9473, இவ்வகைக் கவசங்களை மூன்று படிகளாக வகுக்கிறது. அவற்றுள் இரண்டாவது படி 94 பங்கைத் தடுப்பது.

இக்கவசத்தின் உயிர்நிலை அதன் நடுவில் உள்ள மெல்லிய துணி. பாலிபுரொபிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, மயிரிழை போன்ற துவாரங்கள் வரிசையாக உள்ள அச்சின் வழியே பிதுக்கி, வேகமான வெப்பக் காற்றால் அடித்து, சில மைக்ரான் பருமனே உள்ள இழைகளாக்கிப் படியச் செய்கிறார்கள். பிறகு அதற்கு மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். இழைகளின் இடைவெளியில் நழுவிப் போகக்கூடிய துகளையும் அந்த மின்சக்தி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இதைச் சாராயத்தில் நனைத்துக் கழுவினால் பார்வைக்கு ஒன்றும் குறையாதிருந்தும் காக்கும் சக்தி போய்விடுகிறது. தையற்காரர் எத்தனை பேர் இருந்தாலும் இந்த நடுத்துணி இல்லாவிடில் கவசம் இல்லை. 2020-இல் உலகமெங்கும் நிஜமான பஞ்சம் ஏற்பட்டது இத்துணிக்கும், இதைச் செய்யும் யந்திரத்திற்கும், அந்த யந்திரத்தின் அச்சுக்குமே.

மூச்சைக் காத்தால் கொள்ளைநோயை எதிர்க்கலாம் என்பது புதிதாகக் கண்ட உண்மையன்று. நமது தமிழர் பலர் குடியேறி வாழும் பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் வைத்தியம் கற்ற வூ லியென்-தே என்ற சீன வைத்தியர், 1910-ஆம் வருஷக் கடைசியில் மஞ்சூரியாவில் பரவிய பிளேக் நோயை அடக்கச் சென்றார். அந்நோய் எலியினாலன்றி மூச்சினாலும் பரவுகிறது என்று கண்டு, வலைத்துணியும் பஞ்சும் அடுக்கிய முகமூடியை எல்லோரும் அணியவேண்டுமென்று வற்புறுத்தினார். இவர் சொல்வதைக் கேட்பதா என்று இகழ்ந்த பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் முகமூடியின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில தினங்களில் அந்நோய்க்கே இரையானார். அதன் பின்னரே மற்றவர்கள் அணிந்தார்கள். சுமார் 60,000 உயிர்களைக் கொண்ட அந்நோய் 1911-இல் அடங்கியது. இந்தப் பாடம் கற்று ஏழு வருஷம் ஆன அளவில், 1918-இல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே புகுந்த இன்புளுவென்சா இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை வாரிச் சென்றது.

கற்பதும் மறப்பதும் நமது நாட்டிற்கு மட்டும் உரிய குறையன்று. 2003-இல் கானடா தேசத்தின் டொரண்டோ நகரில் ஸார்ஸ் நோய் பரவிற்று. நோயாளிகளைப் பேணிய வைத்திய ஊழியர்களும் மாண்டார்கள். நீதிபதி ஆர்ச்சி காம்ப்பெல் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன், அபாயத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைக்கு விஞ்ஞான நிச்சயம் வரும்வரை காத்திருக்கலாகாது என்று அறுதியிட்டது. ஒண்டாரியோ மாகாண சர்க்காரும் சுமார் 5½ கோடி சுவாசக் கவசங்களை வாங்கிக் கிடங்கில் அடுக்கியது. அடுக்கியதோடு கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டது. கவசத்தின் மீள்பட்டை நாளடைவில் இற்றுப்போகும். ஆயுட்காலம் ஏறக்குறைய ஐந்து வருஷமே. வைத்த சரக்கு வைத்தபடியே காலாவதியாயிற்று. கொரோனா வந்தபோது அந்தச் சேமிப்பு உதவவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ, 2009-இல் பரவிய இன்புளுவென்சாவின்போது தேசியக் கிடங்கிலிருந்து சுமார் 8½ கோடி கவசங்களை எடுத்துக் கொடுத்தார்கள். எடுத்த இடத்தில் திரும்ப வைக்கவில்லை. அந்நாட்களில் நாட்டின் அவசரத்தை நம்பி யந்திரங்களைப் பெருக்கிய டெக்ஸாஸ் உற்பத்தியாளர் ஒருவர், நோய் தணிந்ததும் வாங்குவோர் அந்நியச் சரக்கின் மலிவை நாடிப் போய்விட்டதால் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தார். இவற்றினின்று இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. வாங்கி மூடி வைத்தால் சரக்கு கெடும். வாங்காமலே இருந்தால் தொழில் கெடும்.

நமது நாட்டிலும் இரண்டாவது கேடு கண்முன்னே நடந்தது. 2020-இல் பெருகிய கவசத் தொழிற்கூடங்களில் பல, தேவை குறைந்ததும் யந்திரத்தை நிறுத்திவிட்டு வேறு தொழிலுக்குப் போயின. வியாபாரியைக் குறை கூறிப் பயனில்லை. வாங்குவார் இல்லாத பண்டத்தை எவன் செய்வான்? ஆகையால் கேள்வி இப்படி மாறுகிறது: கொள்ளைநோய் இல்லாத நாளில் சுவாசக் கவசத்தை வாங்கி அணிய வேண்டியவர்கள் நம்மிடையே இல்லையா?

இருக்கிறார்கள், கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே இருக்கிறார்கள். இந்த ஜில்லாவின் கருங்கல் நாடெங்கும் பெயர் பெற்றது. வேப்பனப்பள்ளிச் சுற்றுப்புறத்திலும் கல்வெட்டுக் குழிகள் உள்ளன. கல்லைத் துளைக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் வியாதியைத் தருகிறது. அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. அது வந்தவனை க்ஷயரோகமும் எளிதில் பற்றுகிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே இதைச் சர்க்காருக்கு அறிவிக்கவேண்டிய வியாதிகளின் அட்டவணையில் சேர்த்தது. தண்ணீர் தெளித்துத் தூசியை எழவிடாமல் அடக்குவதே முதற்கடமை. அதற்கும் மேல் எஞ்சும் தூசிக்குச் சுவாசக் கவசமே காப்பு. ஆனால் கல்லுடைக்கும் தொழிலாளியின் முகத்தில் நாம் வழக்கமாகக் காண்பது என்ன? தலைத்துண்டு. அத்துண்டு வெயிலைத் தடுக்கும், சிலிக்காவைத் தடுக்காது.

ஓசூர் ஆலைகளில் வர்ணம் தெளிப்போர், பற்றவைப்போர், வார்ப்படம் செய்வோர் ஆகியோரையும் கணக்கில் கொள்ளுங்கள். உலகத்து க்ஷயரோகிகளில் நால்வரில் ஒருவர் இந்தியர். அவர்களைப் பேணும் செவிலியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் அனைவருக்கும் இக்கவசம் கொள்ளைநோய்க் காலத்துப் பண்டமன்று, அன்றாடப் பண்டம். சட்டப்படி இவர்களுக்குச் சேரவேண்டியதைச் சேரச் செய்தாலே, ஒரு பெருந்தொழில் நித்தியமும் ஓடுவதற்கு வேண்டிய தேவை உண்டாகிவிடும். அன்றாடம் ஓடும் யந்திரத்தை அவசர நாளில் மூன்று வேளையும் ஓட்டலாம். நின்று துருப்பிடித்த யந்திரத்தை ஒரே நாளில் எழுப்ப முடியாது. ஆகவே கல்லுடைப்போனின் நுரையீரலைக் காப்பதும், நாளைய கொள்ளைநோயில் வைத்தியரைக் காப்பதும் ஒரே காரியந்தான்.

யந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஜனவரியில் தைவான் தீவில் நாளொன்றுக்கு 19 லக்ஷத்துக்கும் குறைவாகவே முகமூடிகள் உற்பத்தியாயின. அந்நாட்டுச் சர்க்கார் தன் பணத்தில் புதிய யந்திரங்களுக்குக் கட்டளை கொடுத்து, அவற்றை உற்பத்தியாளரிடம் ஒப்புவித்து, ஈடாக முகமூடிகளைப் பெற்றது. யந்திரங்களை விரைவில் பூட்டி முடிக்க, உலோகம் கடையும் யந்திரத் தொழிலினர் தங்கள் கைத்தேர்ந்த ஆட்களை அனுப்பினார்கள். சில வாரங்களில் உற்பத்தி நாளொன்றுக்கு ஒரு கோடியைத் தாண்டிற்று. அங்கே வெற்றியைத் தந்தவர்கள் தையற்காரர்கள் மட்டுமல்லர், யந்திரத் தொழிலாளர்கள். நமது ஓசூரில் அத்தகைய தொழிலாளர்களுக்குப் பஞ்சமா? மோட்டார் உறுப்புகளையும் கடிகார உறுப்புகளையும் நூலிழை பிசகாமல் கடையும் கைகள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. நடுத்துணி செய்யும் அச்சையும் யந்திரத்தையும் அவர்கள் செய்து பழகட்டும். கவசத்தை இங்கே தைத்துவிட்டு அச்சுக்கு அயல்நாட்டை எதிர்பார்ப்பது, உழவனுக்கு நிலம் கொடுத்து ஏரைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

இனி நாம் கோருவனவற்றைத் தெளிவாகச் சொல்லுவோம்.

முதலாவது, சுழலும் சேமிப்பு. 1994-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநில வைத்தியசாலைகளுக்கெல்லாம் மருந்தை ஒருங்கே வாங்கி ஜில்லாக் கிடங்குகளின் மூலம் வழங்கிப் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. அக்கிடங்குகளில் சில மாதத் தேவைக்குச் சுவாசக் கவசம் எப்பொழுதும் இருக்கவேண்டும். பழையது முதலில் வெளியே போய் வைத்தியசாலைகளிலும் தொழிலிடங்களிலும் பயன்பட, அந்த இடத்தில் புதியது வந்து அமர வேண்டும். களஞ்சியத்து நெல்லைக் கையாள அறிந்த நாட்டிற்கு இது தெரியாத வித்தையல்ல.

இரண்டாவது, நீண்டகால ஒப்பந்தம். நடுத்துணியும் கவசமும் செய்வோரிடம், வருஷந்தோறும் இத்தனை வாங்குவோம் என்று சர்க்கார் உறுதி கூறவேண்டும். அதற்கு ஈடாக, அவசரத்தில் இத்தனை மடங்கு பெருக்கித் தருவோம் என்று அவர்கள் உறுதி கூறவேண்டும்.

மூன்றாவது, திரும்பத் திரும்ப அணியத்தக்க கவசம். ரப்பரினாலோ சிலிகோனினாலோ ஆன அரைமுகக் கவசத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து வருஷக்கணக்கில் அணியலாம். வடிகட்டியை மட்டும் மாற்றினால் போதும். 2020-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதி வைத்தியசாலைகள் இதைக் கையாண்டு பஞ்சத்தைச் சமாளித்தன. அணிந்தால் பேச்சுச் சற்று மழுங்கும் என்பது இதன் குறை. ஆனால் ஒருவருக்கு ஒன்று கொடுத்து வைத்தால், கப்பல் வராத நாளிலும் அவருக்குக் கவலையில்லை.

நான்காவது, பொருத்தம். வடிகட்டி எத்தனை சிறந்ததாயினும் கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் காற்று அவ்வழியே புகும். அயல்நாட்டார் முக அளவில் செய்த கவசம் நம் செவிலியர் முகத்தில் நிற்காமல் நழுவுகிறது. நம் ஆடவர், பெண்டிர் முக அளவுகளை எடுத்து அதற்கேற்பச் செய்வதும், அணிவோர் ஒவ்வொருவருக்கும் பொருந்துகிறதா என்று சோதித்துக் கொடுப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, மூன்று மாநிலங்களின் உடன்படிக்கை. துணி ஓரிடத்தில், தையல் ஓரிடத்தில், பரிசோதனை ஓரிடத்தில் என்றிருக்கும் தொழிலுக்கு எல்லை அடைப்பு தூக்குக் கயிறு. ஓசூருக்கும் பெங்களூருக்கும் குப்பத்திற்கும் இடையே, எந்த ஊரடங்கிலும் இச்சரக்கும் இதைச் செய்யும் தொழிலாளரும் தடையின்றிச் சென்றுவர இப்பொழுதே எழுத்து மூலமான ஏற்பாடு வேண்டும்.

ஆறாவது, சட்டம். 1897-ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்ச் சட்டம், பம்பாய்ப் பிளேக்கின்போது நான்கே பிரிவுகளில் இயற்றப்பட்டது. ஜனங்களைத் தடுத்து நிறுத்தவும் சோதிக்கவும் தண்டிக்கவும் அது அதிகாரம் தந்தது. அவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும் கடமையைச் சர்க்காரின்மேல் சுமத்தவில்லை. 2020-இல் அதைத் திருத்தி, வைத்திய ஊழியரைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை விதித்தார்கள், நன்று. கல்லடியினின்று அவரைக் காத்த சட்டம், அவர் இழுக்கும் காற்றினின்று காக்க ஒன்றும் சொல்லவில்லை. நமது மாநிலத்தில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார மந்திரியாயிருந்த காலத்தில் இயற்றப்பட்ட 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவுக்கே முன்மாதிரியாக விளங்கியது. 2020 செப்டம்பரில் அச்சட்டத்தைத் திருத்தி, முகமூடி அணியாதவனுக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். முகமூடி இல்லாத பிரஜை குற்றவாளி என்றால், கிடங்கில் கவசம் வைக்காத சர்க்கார் யார்? அதே சட்டத்தில் இன்னொரு பிரிவையும் சேர்க்கட்டும். இத்தனை கவசம் கையிருப்பில் இருக்கவேண்டும். எத்தனை இருக்கிறது, எப்பொழுது காலாவதியாகும் என்ற கணக்கு வருஷந்தோறும் சட்டசபையின் முன் வைக்கப்பட வேண்டும் என்று அப்பிரிவு விதிக்கட்டும். பொதுஜன சுகாதாரத்தை உயர்த்துவது ராஜ்யத்தின் தலையாய கடமைகளுள் ஒன்றென அரசியல் சாசனத்தின் 47-ஆவது ஷரத்து கூறுகிறது. அது ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது.

செலவைக் கூறி இதை மறுப்பார்கள். பல மாதம் ஊரை அடைத்து, ஆலையை மூடி, கூலியாளைக் கால்நடையாக ஊருக்கு அனுப்பிய செலவைவிட இது எத்தனையோ மடங்கு சிறியது. அடுத்த நோய் மூச்சினால்தான் வருமென்று என்ன நிச்சயம் என்பார்கள். 1918, 2003, 2009, 2020 ஆகிய நான்கும் மூச்சின் வழியே வந்தவை. அப்படியே வராமற்போனாலும், கல்லுடைக்கும் தொழிலாளியின் நுரையீரல் பிழைத்திருக்கும். அது நஷ்டக் கணக்கல்ல.

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுவாசக் கவசம் எத்தனை இருக்கிறது, அதன் காலக்கெடு என்ன என்று கேளுங்கள். வாய்மொழியில் பதில் வராவிடில், 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். கல்வெட்டுக் குழிகளுக்குச் சென்று, தொழிலாளர் முகத்தில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இந்தக் கேள்வியையும் வையுங்கள். வேப்பனப்பள்ளிச் சாவடியில் அடுத்த முறை தடுப்புக் கட்டை இறங்கும் நாளில், அதன் பக்கத்தில் நிற்கப்போகும் காவலனுக்கும் செவிலிக்கும் முகத்திற்குப் பொருந்திய கவசம் ஒன்று இருக்குமா, தலைத்துண்டு இருக்குமா என்பது, அன்று பிறக்கும் உத்தரவுகளால் தீராது. இன்று நாம் கேட்டுப் பெறுவதைக் கொண்டே தீரும்.